விடை: மேலே

“நான் என்ன சொல்ல வர்றேன்னா—”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டிய நேரத்துல வாயைத் திறக்கலை—”

“எப்பவோ நடந்ததைப் போய் இப்ப—”

“எப்பவோவா? நேத்து சாயங்காலம் நடந்தது! வினாடி வினாவுல அந்தக் கோட்டுக்காரன் பல்லைக் காட்டிக்கிட்டு, பெனால்டியை விட்டது யாருன்னு கேக்கறான். எதிர்ல உக்காந்த பல் டாக்டர் பட்டுனு ‘மேலே’ன்னு சொல்றான். கைதட்டறாங்க. நம்ம கூடத்துல, நம்ம டிவியில, நாம கரண்ட் பில் கட்டி—”

“சேனலை மாத்தியிருக்கலாம்ல?”

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து சேனலைத்தானே மாத்திக்கிட்டிருக்கேன்!”

 லிஃப்ட்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று மாறிப் போயிருந்தது. கழற்றி மறுபடி போட்டார்.

அலுவலகங்கள் நிறைந்த ஓர் உயரமான கட்டடத்தில் அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். அதற்கு முன்னால் கால்பந்து ஆடினார். அண்ணன் அணித் தலைவர், இவர் ஒன்பதாம் எண். கோப்பையின் இறுதி ஆட்டத்தில், கொட்டுகிற மழையில், ஒரு பெனால்டி கிடைத்தது. உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே போய், ஜனங்கள் உட்கார்ந்திருந்த கொட்டகைக்கும் மேலே போய், பக்கத்துக் கிடங்கின் தகரக் கூரையில் விழுந்தது. வானொலியில் வர்ணனை சொன்னவர் ஆளைச் சொன்னார், எண்ணைச் சொன்னார், பிறகு மூச்சு உள்ளவரை “மேலே! மேலே! மேலே!” என்று கத்தினார். அன்றைக்கு ஊர் இவருக்கு வைத்த பேர்தான் ‘மேலே’. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கடைக்கு மட்டும் பயன்பட்டது.

உதைத்தது இவர் இல்லை. அண்ணன்.

இடைவேளையில் அண்ணனின் ஜெர்சி தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் அணித் தலைவருக்குக் கை கொடுக்க வேண்டும். கிழிந்த துணியோடு எப்படிக் கை நீட்டுவது? தம்பி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கிழிசலை மாட்டிக்கொண்டார். முகமெல்லாம் சேறு. மழைக்குள் முதுகில் இருந்த ஒன்பது மட்டும்தான் தெரிந்தது. கூட ஆடியவர்களுக்கெல்லாம் உண்மை தெரியும். அவர்கள் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் மைதானத்தில் மட்டுமே இருந்தவர்கள். வானொலியோ எல்லார் வீட்டிலும் இருந்தது.

“ஒரு வாரம் பொறுடா தம்பி,” என்றார் அண்ணன் அப்போது. “கோச் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அது முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.” வேலை கிடைத்தது. கோச் ஆனார். பெரிய கோச் ஆனார். அந்த வாரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

“உங்களோட போகட்டும்னு இருந்தேன்,” என்றாள் மனைவி, குரலைத் தாழ்த்தி. அவள் குரல் தாழ்ந்தால்தான் வீட்டில் பயம். “ஆபீஸ்ல நம்ம பொண்ணை ‘மேலே மக’ன்னாங்க. சிரிச்சுட்டு வந்துட்டேன்னா. பொறுத்துக்கிட்டேன். நேத்து பேத்தி ஸ்கூல்ல இருந்து வந்து என்ன கேட்டா தெரியுமா? ‘பாட்டி, நான் உதைச்சா மேலே போயிடுமாம், அதனால கோல்ல நில்லுன்னுட்டாங்க. அது ரத்தத்துல வர்றதா பாட்டி?’ன்னு கேக்கறா. என்ன பதில் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

கோபம் வருகிறதா என்று லிஃப்ட்காரர் உள்ளே தேடிப் பார்த்தார். வரவில்லை. பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டபின் நாக்கால் தடவிப் பார்ப்பது போல இருந்தது. இடம் இருந்தது, வலி இல்லை.

“சரி, போய்ச் சொல்லிட்டு வர்றேன்,” என்றார். யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள், போகத்தானே வேண்டும்.

*

‘விட்டதைப் பிடி’ என்பது அந்த நிகழ்ச்சியின் பேர். விளையாட்டைப் பற்றிய கேள்விகள், நான்கு விடைகள், நடுவில் ஒரு சுழல் நாற்காலி. நாட்டில் பாதிப் பேர் விளையாடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொலைக்காட்சி நிலையத்து லிஃப்டில் ஓட்ட ஆள் இல்லை. கதவு மூடியதும் ஒரு பெண் குரல், “மேலே…” என்றது. “சொல்லுங்கம்மா,” என்றார் இவர். “…செல்கிறோம்,” என்று முடித்தது குரல்.

விடைப் பொறுப்பாளர் ஓர் அம்மாள். கடுமையான ஜலதோஷம். மேசை முழுக்கக் கசக்கிய காகிதத் துண்டுகள்.

“உக்காருங்க சார். எந்த விடை சம்பந்தமா வந்திருக்கீங்க?”

“பெனால்டி விடைங்க. மேலே.”

அம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார்.

“ஓ, அந்த மேலே! எங்களோட ரொம்ப நல்ல விடை சார் அது. பத்துப் பேரைக் கேட்டா ஒன்பது பேர் சரியா சொல்லுவாங்க. ஜனங்களுக்கு நம்பிக்கை வர்றதுக்காகவே அதை வச்சிருக்கோம்.”

“அது நான்தாங்க.”

“சந்தோஷம் சார்!”

“ஆனா உதைச்சது நான் இல்லைங்க.”

அம்மாள் மூக்கைச் சிந்தினார். அதற்குச் சற்று நேரம் பிடித்தது.

“சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க சம்பந்தப்பட்டவர். சம்பந்தப்பட்டவங்க சொல்றதை நாங்க ஏத்துக்கறது இல்ல. ஒருதலைப்பட்சமா இருக்கும்.”

“அப்ப சம்பந்தப்படாதவங்களைக் கேப்பீங்களா?”

“அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது.

“உண்மைன்னு ஒண்ணு இருக்குமேம்மா.”

“இருக்கும் சார், இல்லைன்னு சொல்லலை. அது வேற டிபார்ட்மெண்ட். செய்திப் பிரிவுல வச்சிருந்தாங்க, இப்ப எடுத்துட்டாங்கன்னு கேள்வி. இங்க விடை மட்டும்தான். உண்மைங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். விடை மாறாது. மாறினா அட்டை அடிக்கணும், திரையில மாத்தணும், முன்னாடி ஜெயிச்சவங்க எல்லாம் தோத்தவங்களாயிடுவாங்க. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?”

“இதுவரைக்கும் மாத்தினதே இல்லையா?”

“இதே விடையை ஒரு தடவை மாத்தினோம் சார்.” அம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. “அட்டையில ‘விடை: மேலே’ன்னு எழுதி வச்சிருந்தோம். புதுசா வந்த தொகுப்பாளர், விடை மேலே இருக்கு போலன்னு அட்டையோட மேல்பக்கம் பார்த்திருக்கார். அங்க எங்க விளம்பரதாரர் பேர் இருந்தது. பனியன் கம்பெனி. பெனால்டியைக் கோட்டை விட்டது பனியன் கம்பெனின்னு அறிவிச்சுட்டார். நேரலை. என்ன பண்றது? அறிவிச்சா அறிவிச்சதுதான். அந்த சீசன் முழுக்க அதுதான் சரியான விடை. நிறையப் பேர் படிச்சு வந்து கரெக்டா சொன்னாங்க.”

“கம்பெனிக்காரங்க கோவிச்சுக்கலையா?”

“வியாபாரம் கூடிச்சு சார். அப்புறம் வேற விளம்பரதாரர் வந்தார், விடையைப் பழையபடி உங்களுக்கே கொடுத்துட்டோம். அதையும் சும்மா கொடுக்கலை. வல்லுநரைக் கேட்டு உறுதி பண்ணிட்டுத்தான் கொடுத்தோம். விடையை மாத்தறதா இருந்தா அவர் ஒருத்தராலதான் முடியும். அவர் வாயால வந்துட்டா அடுத்த நிமிஷம் மாத்திடுவோம். அவர் என்ன சாதாரண ஆளா? அந்த ஆட்டத்துலயே இருந்தவர். கோச்.”

“எந்தக் கோச்?”

அம்மாள் பேரைச் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கைகாட்டினார். பாராட்டு விழா மாலையோடு, சிரித்த முகமாக, அண்ணன்.

லிஃப்ட்காரர் படத்தைப் பார்த்தார். நல்ல சட்டம். கண்ணாடியும் போட்டிருந்தார்கள்.

“ஒண்ணு பண்ணுங்களேன்,” என்றார் அம்மாள். “நீங்களே வந்து நாற்காலியில உக்காருங்க. சீசனோட கடைசி நாள். நேரலை. உங்ககிட்டயே அந்தக் கேள்வியைக் கேப்போம். மேலேன்னு சொன்னா ஜெயிச்சீங்க.”

“உண்மையைச் சொன்னா?”

“தோத்துடுவீங்க சார். அதுவும் நல்லா இருக்கும். தன்னைப் பத்தின கேள்வியிலேயே தோத்தவர்னு அடுத்த சீசனுக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.”

*

அண்ணன் உறுதி செய்த விஷயத்தை லிஃப்ட்காரர் வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. அண்ணனே மறுநாள் கட்டடத்துக்கு வந்தார். லிஃப்டுக்குள் நுழைந்து, கதவு மூடும்வரை காத்திருந்தார்.

“நிகழ்ச்சிக்குப் போறியாமே?”

“ஆமா.”

“போ, போ. போய் மேலேன்னு சொல்லிட்டு ஜம்முனு பரிசை வாங்கிட்டு வந்துடு. உனக்கும் இந்த டப்பாவுல இருந்து விடுதலை.”

“நீதான் உறுதி பண்ணினியாமே?”

கதவு திறந்தது. கையில் கோப்போடு ஒருவர் ஏறினார். “மேலே,” என்றார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கடைசி மாடிக்குப் போக வேண்டியவர், அவ்வளவுதான். அவர் இறங்கும்வரை அண்ணன் கூரையில் சுற்றிய விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டாங்கடா,” என்றார் கதவு மூடியதும். “வீடு தேடி வந்து, கேமராவை வச்சு, ‘அது உங்க தம்பிதானே’ன்னு கேட்டாங்க. தம்பிதான்னேன். நீ என் தம்பி இல்லையா? பொய்யா சொன்னேன்?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? இத பாரு. மைதானத்துக்கு என் பேரை வைக்கப் போறாங்க.”

“மைதானத்துக்கா?”

“மைதானத்துக்குன்னா… வாசலுக்கு.”

“முன் வாசலா?”

“ரெண்டாவது வாசல். வண்டி நிறுத்தற பக்கம். அதுவும் வாசல்தானேடா! சாகறதுக்குள்ள ஒரு பேர் வேண்டாமா மனுஷனுக்கு?”

“எனக்குத்தான் ஒண்ணு இருக்கே,” என்றார் தம்பி. கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொன்னார்.

அண்ணனின் கண் கலங்கியது. கோச் ஆனபின் அவருக்குக் கண் சீக்கிரம் கலங்கும்.

“பேத்தியைக் கோல்ல நிக்க வச்சுட்டாங்க அண்ணா. ரத்தத்துல வர்றதான்னு கேக்கறா.”

“சின்னப் பிள்ளைங்க நாலு நாள்ல மறந்துடும். ஒரு வாரம் பொறுடா தம்பி. வாசல் விழா முடியட்டும். நானே சொல்லிடறேன்.”

தரைத்தளம் வந்தது. வெளியே காத்திருந்த கூட்டம் கோச்சை அடையாளம் கண்டு வழிவிட்டது. பிறகு எல்லாரும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டு, ஒரே குரலாக, “மேலே!” என்றார்கள்.

*

மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு போனார். வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

“சட்டையில கஷ்டமே தெரியலை சார்,” என்றார் உடை கவனிப்பவர். காக்கி உடையும் ‘லிஃப்ட்’ என்று பெரிய எழுத்தில் தைத்த தொப்பியும் கொடுத்தார்கள். இவர் வேலை செய்யும் கட்டடத்தில் தொப்பி கிடையாது. சொன்னார். “இனிமே போட்டுக்கோங்க,” என்றார்கள்.

அங்கிருந்து சோகப் பிரிவுக்கு அனுப்பினார்கள். காதில் கருவி மாட்டிய பெண் ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்க சோகம் என்ன அங்கிள்?”

“அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாம நாற்காலிக்கு விட மாட்டாங்க. யாராவது போயிருப்பாங்களே?”

“அப்பா அம்மா போயிட்டாங்க.”

“அது எல்லாருக்கும் போறதுதானே. வேற?”

“அந்தப் பெனால்டியை நான் உதைக்கலை.”

“அது சோகம் இல்ல அங்கிள், அது கேள்வி. கேள்விப் பிரிவு ரெண்டாவது மாடி.” அவள் நல்ல பெண்; அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். “அழுகை வருமா உங்களுக்கு?”

“வராதும்மா.”

“முயற்சி பண்ணிப் பார்த்திருக்கீங்களா?”

“அண்ணன் அழுவார். வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு விட்டுட்டேன்.”

‘அழுகை: சொட்டு மருந்து’ என்று அவள் குறித்துக்கொண்டாள். “கடைசியா, விடை தெரியாட்டி போன் போட்டுக் கேக்க ஒருத்தர் வேணும். யார் நம்பர் கொடுக்கறீங்க?”

அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். சொன்னார்.

அரங்கத்தில் கைதட்டல் ஆசிரியர் ஜனங்களைத் தயார்ப்படுத்திக்கொண்டிருந்தார். ஆச்சரியக் கைதட்டு, ஆறுதல் கைதட்டு, அழுதபடி கைதட்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி கையைத் தூக்கினாள்.

“ஏங்க, ஒருத்தர் உண்மையைச் சொன்னா எந்தக் கைதட்டு?”

ஆசிரியர் யோசித்தார். “அதுக்குன்னு தனியா இல்லம்மா. பொதுக் கைதட்டு போட்டுக்கோங்க.”

விளக்குகள் எரிந்தன. தொகுப்பாளர், அதாவது மனைவி சொன்ன அந்தக் கோட்டுக்காரர், ஓடி வந்தார். நடந்து வர அவருக்கு அனுமதி இல்லை.

முதல் கேள்வி, கோப்பை வென்ற ஓர் அணியின் பேருந்து ஓட்டுநருக்குப் பிடித்த நிறம் எது என்பது. லிஃப்ட்காரருக்கு அந்த ஓட்டுநரைத் தெரியாது. தரைத்தளத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம் என்பதால் ‘அ’ என்றார். சரி. அடுத்தது, ஓர் ஓட்டப்பந்தய வீராங்கனை ஓடாத நாட்களில் வளர்க்கும் கிளியின் வயது. ஒரு மாடி ஏறி ‘ஆ’ என்றார். சரி. குண்டு எறிபவரின் மாமனார் செய்த தொழில். ‘இ’. சரி. நடுவர் ஒருவர் தொலைத்த குடையின் பிடி எந்த மரத்தில் செய்தது. ‘ஈ’. அரங்கம் எழுந்து நின்றது.

“இந்த ஞானம் எங்கேயிருந்து வந்துச்சு ஐயா?” என்று கேட்டார் தொகுப்பாளர்.

“லிஃப்டுலேர்ந்துங்க.”

ஆச்சரியக் கைதட்டு.

விளம்பர இடைவேளையில் தொகுப்பாளர் குனிந்து அவர் காதருகே வந்தார். “ஐயா, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. பெனால்டின்னா அபராதம்தானே? நீங்க எவ்வளவு கட்டினீங்க?”

லிஃப்ட்காரர் அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். மாவுப் பூச்சுக்கு அடியில் களைத்துப்போன முகம். “இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேங்க,” என்றார்.

விளக்கு எரிந்தது. தொகுப்பாளர் மறுபடி பல்லைக் காட்டினார்.

“இப்போ கடைசிக் கேள்வி! நாடே அழுத அந்த மழை நாள்! அந்தப் பெனால்டியைத் தவறவிட்டவர் யார்? கீழே நாலு விடைகள். கீழே முதல்ல இருக்கறது மேலே!”

அ. மேலே. ஆ. கோச். இ. எதிரணிக் காவலர். ஈ. யாரும் இல்லை.

“இது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதே ஐயா? கண்ணாடியில பார்த்தா விடை தெரியுமே!”

சிரிப்பு. லிஃப்ட்காரர் திரையைப் பார்த்தார். ‘அ’ என்று ஓர் எழுத்து. சொல்லிவிட்டால் சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முன்வரிசையில் மனைவி மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைத்தான் கேமரா பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

“ஜனங்களைக் கேளுங்க,” என்றார்.

“அருமை! மக்களே, அழுத்துங்க!”

மனைவி ‘ஆ’வை அழுத்தினாள். ஒரு தடவை அழுத்திவிட்டு, சந்தேகம் வந்து, கட்டைவிரல் வெளுக்கும்வரை மறுபடி அழுத்தினாள். திரையில் முடிவு வந்தது. அ: நூற்றுக்கு நூறு.

“நான் ஆ-வை அழுத்தினேன்!” என்று அவள் எழுந்து நின்று கத்தினாள். கைதட்டல் ஆசிரியர் சட்டென்று இரண்டு கையையும் உயர்த்தினார். ஆறுதல் கைதட்டு எழுந்து அவள் குரலை மூடியது.

“மக்கள் சொல்லிட்டாங்க ஐயா. நூத்துக்கு நூறு. மக்கள் சொன்னா அது மகேசன் சொன்ன மாதிரி. சொல்லிடலாமா? அ?”

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார்.  சோகப் பிரிவுப் பெண் ஓரத்திலிருந்து சொட்டு மருந்துக் குப்பியை ஆட்டிக் காட்டினாள்.

“போன் போடணும்,” என்றார்.

தொகுப்பாளர் காதைத் தொட்டுக்கொண்டார். காதுக்குள் யாரோ உற்சாகமாக ஏதோ சொன்னார்கள். “யாருக்குப் போன்னு தெரியுமா மக்களே? நம்ம நிகழ்ச்சியோட வல்லுநர்! அந்த ஆட்டத்தோட அணித் தலைவர்! ஐயாவோட அண்ணன், கோச்!”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விடைப் பொறுப்பாளர் அம்மாள் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பக்கத்தில் இருந்தவர் வெற்று அட்டை ஒன்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

மணி அடித்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

“ஹலோ,” என்றது அண்ணனின் குரல், கூரையிலிருந்து. “சொல்லுடா தம்பி. டிவி முன்னாடிதான் இருக்கேன். வாசல் கமிட்டிக்காரங்களும் கூட உக்காந்து பார்த்துக்கிட்டிருக்காங்க.”

“கேள்வியைப் படிங்க ஐயா, நேரம் ஓடுது,” என்றார் தொகுப்பாளர். திரையில் எண்கள் இறங்கத் தொடங்கின. லிஃப்ட்காரர் கேள்வியைப் படிக்கவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கியாடா?” என்றது குரல், சிறிது இறங்கி.

மனைவி நின்றபடியே இருந்தாள். அவளை உட்காரச் சொல்லி யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறிவிட்டாள்.

“அண்ணா,” என்றார் லிஃப்ட்காரர், “இங்க இருக்கறவங்க எல்லாரும் நான்தான்னு சொல்லிட்டாங்க. நீ மட்டும்தான் பாக்கி. யாருன்னு நீ சொல்லு, அதையே நானும் சொல்லிடறேன்.”